கல்லறைக்குக் காவல் உண்டு, ஊருக்கு?

வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளி முதலில் செய்வது என்ன? ஆலைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கைலியை எடுத்துச் சுற்றிக்கொள்வதுதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்போடு மல்லுக்கட்டும் தோழருக்கும் அதுவே. எண்ணூரில் நாளெல்லாம் நிலக்கரித் தூசியில் நின்றவருக்கும் அதுவே. அந்தக் கட்டம் போட்ட துணியை மலாய் மக்கள் எப்படி அழைக்கிறார்கள் தெரியுமா? 'காயின் பெலிக்காட்' என்று! பெலிக்காட் என்பது எங்கோ இருக்கும் சீமை அல்ல தோழர்களே, நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடுதான். கடல் கடந்தவர்கள் அந்த ஊரின் பெயரை இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். பொன்னேரியில் ரயிலை விட்டிறங்கிப் பேருந்து ஏறினால் போய்ச் சேரக்கூடிய நாமோ, அந்த ஊரை மறந்துவிட்டோம்.

சென்னைக் கோட்டைக்கு ஆங்கிலேயர் இடம் பிடித்தது 1639இல். அதற்கு முன்பே பழவேற்காடு துறைமுகப் பட்டினம். அரபு நாட்டு வணிகர் வந்தனர். போர்த்துகீசியர் வந்தனர். 1610 வாக்கில் டச்சுக்காரர் வந்து, விசயநகர மன்னரிடம் அனுமதி பெற்று, 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். 1690இல் நாகப்பட்டினத்துக்குத் தலைமையிடத்தை மாற்றும்வரை, சோழமண்டலக் கரையில் அவர்களது வாணிபத்தின் தலைநகரே இதுதான். நம் நெசவாளி நெய்த துணியைக் கொடுத்து, கிழக்கிந்தியத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்கி, ஐரோப்பாவில் கொள்ளை விலைக்கு விற்றார்கள். வெடிமருந்தும் இங்கே செய்தார்கள்.

இன்னொரு சரக்கும் கப்பலேறியது. மனிதர்கள்! பஞ்ச காலத்தில் ஒரு படி அரிசிக்கு வழியில்லாமல் தங்களையும் தங்கள் குழந்தைகளையும் விற்ற ஏழைகளை விலைக்கு வாங்கி, படேவியாவுக்கு அடிமைகளாக ஏற்றி அனுப்பியது அந்தக் கம்பெனி. பழம்பெருமை பேச வருவோர் கோட்டையைச் சொல்வார்கள், கொடிமரத்தைச் சொல்வார்கள். இதைச் சொல்லும்போது மட்டும் தொண்டை கரகரத்துவிடும். நாம் சொல்லியே தீருவோம். ஏனெனில் கப்பலேறிப் போனவர்கள் நம் பாட்டன் பூட்டன்கள்.

1795இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தனர். பிறகு கோட்டையை இடித்துத் தள்ளினர். 1825இல் ஊர் அடியோடு அவர்கள் கைக்கு வந்தது. வாணிபமெல்லாம் சென்னைக்குப் போயிற்று. கோட்டை நின்ற இடம் இன்று முள் மண்டிய மேடு, சுற்றிலும் அகழியின் சுவடு. மிஞ்சியது டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம். வாயிலில் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே பெயரும் குலச்சின்னமும் பொறித்த பலகைக் கற்கள். இந்தியத் தொல்லியல் துறை அதற்குக் காவல் போட்டிருக்கிறது. போடட்டும், குறை சொல்லவில்லை. செத்தவன் எவனாயிருந்தாலும் கல் வேலை நம்மவன் செய்ததாகவும் இருக்கலாம்.

ஆனால், செத்தவர்க்கு இருக்கும் காப்பு உயிரோடிருப்பவர்க்கு உண்டா என்று கேட்கிறோம். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தை 2010இல் திருத்தினார்கள். அதன்படி, காப்புப் பெற்ற சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதியின்றிக் கட்டக்கூடாது. பழுது பார்ப்பதற்கும் மனுப்போட வேண்டும். ஊருக்கு வெளியே வனாந்தரத்தில் இருக்கும் சின்னத்துக்கு இது சரி. இங்கே கல்லறை இருப்பது ஊருக்குள். ஓட்டு வீட்டில் மழைக்கு ஒழுகும் கூரையை மாற்ற நினைக்கும் ஏழை, எந்த அலுவலகத்தில், எத்தனை நாள் கூலியை இழந்து காத்திருப்பான்? சட்டம் வேண்டாம் என்பதல்ல நம் வாதம். மனுவை ஊரிலேயே வாங்கி, வரைபடத்தை அரசே போட்டுக்கொடுத்து, பழைய வீட்டைப் பழைய முறையிலேயே செப்பனிட உதவிப்பணமும் தரலாமே! சுண்ணாம்புச் சாந்து வேலை தெரிந்த கொத்தனுக்குப் பிழைப்பும் ஆகும்.

பழைய துறைமுகப் பட்டினங்களைப் புதுப்பிப்பது உலகெங்கும் நடக்கிறது. நடக்கிற விதத்தைத்தான் பார்க்கவேண்டும். பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் பழைய வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. 2000ஆம் ஆண்டு பிறந்ததும் அதை நீக்கினார்கள். தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த சிறு தொழிலாளரும் கடைக்காரரும் வாடகை கட்டமுடியாமல் வெளியேறினர். 2008இல் உலகப் பாரம்பரிய நகரம் என்ற பட்டம் வந்தது. சுவர்களுக்கு வண்ணம் வந்தது, தங்கும் விடுதிகள் வந்தன. குடியிருந்தவன் வரவில்லை. இலங்கையின் காலிக் கோட்டைக்குள்ளும் எத்தனையோ பழைய வீடுகள் வெளிநாட்டார் கைக்குப் போயின. புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்களில் வீடு எது, விடுதி எது என்று தேடிப் பார்க்கவேண்டியிருக்கிறது. தரங்கம்பாடியில் 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு டேனிஷ் கோட்டையும் பழைய வீடுகளும் அழகாகச் செப்பனிடப்பட்டன. நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால் கரையில் வலை உலர்த்துபவனைக் கேளுங்கள், கோட்டையால் அவன் அடுப்பில் என்ன எரிந்தது என்று.

பழவேற்காட்டில் அடுப்பெரிவது கோட்டையால் அல்ல, ஏரியால். ஒரிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து இந்நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி இது. இறாலும் நண்டும் மடவையும் அதன் செல்வம். எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலைபோடுவது என்பதை 'பாடு' என்ற முறையில் மீனவர்களே சீட்டுப்போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். அதிகாரி வகுத்த விதியல்ல. பாட்டன் காலத்து ஏற்பாடு. அதில் சேராத சாதியாருக்கு இடமில்லை என்ற குறையும் அதில் உண்டு, அதையும் மறைக்கவேண்டியதில்லை. இருந்தும், உழைப்பவர்களே கூடி உழைப்பிடத்தைப் பங்கிடும் பழக்கம் வேறெங்கே எளிதில் கிடைக்கும்?

அந்த ஏரிக்கு உயிர் முகத்துவாரம். அலை கொண்டுவரும் மணல் அதை அடைத்தால், கடல்நீர் உள்ளே வராது, இறால் குஞ்சும் வராது, படகும் கடலுக்குப் போகமுடியாது. பள்ளம் தோண்டுவார்கள், மறுபடி தூரும். சுமார் 27 கோடி ரூபாயில் கல் சுவர் போட்டு முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்கும் திட்டத்தை அரசு எடுத்தது. பழவேற்காட்டின் மறுமலர்ச்சிக்கு எந்த அலங்கார வளைவையும்விட இந்தக் கல் சுவரே முக்கியம் என்பது நம் துணிபு.

தெற்கே என்ன நடக்கிறது? 2001இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது. சுமார் 330 ஏக்கரில் இருக்கும் காட்டுப்பள்ளியை 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்க ஒரு திட்டம் தீட்டப்பட்டது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே இருக்கும் மெல்லிய மணல்திட்டு அரித்துப்போகும், முகத்துவாரம் கெடும் என்று மீனவர்கள் அஞ்சி எதிர்த்தனர். 2021 சனவரியில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கவில்லை. 2023 செப்டம்பரிலும் நடக்கவில்லை. துறைமுகம் வந்தால் வேலை வருமே என்று கேட்கும் தோழர்களும் நம்மிடையே உண்டு. கேள்வி நியாயமானது. பதிலை எண்ணூர் மீனவரிடமும், கும்மிடிப்பூண்டி ஆலைவாசலில் ஒப்பந்தக்காரனுக்காக விடியற்காலையில் காத்திருப்பவனிடமும் கேட்டுப் பார்க்கலாம். நிரந்தரச் சம்பளம் எத்தனை பேருக்கு, தினக்கூலி எத்தனை பேருக்கு?

சுற்றுலா என்று ஒன்று சொல்கிறார்கள். செங்கால் நாரையையும் பூநாரையையும் பார்க்க ஆட்கள் வரத்தான் செய்கிறார்கள். 2011 டிசம்பர் 25 அன்று அப்படி வந்தவர்களில் 22 பேர் படகு கவிழ்ந்து மாண்டனர். உடனே படகுச் சவாரிக்குத் தடை. தடை போட ஒரு கையெழுத்துப் போதும். ஆனால் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு உரிமம் கொடுத்து, மிதவைச் சட்டை கொடுத்து, படகுத்துறை கட்டி, எண்ணி ஏற்றி எண்ணி இறக்கும் ஏற்பாடு செய்யப் பல கையெழுத்து வேண்டும். அதுதான் சுணக்கம்.

பனை ஓலையில் பெட்டியும் தட்டும் முடையும் இசுலாமியப் பெண்கள் இவ்வூரில் இருக்கிறார்கள். விரல் தேயும் வேலை. இதே மாவட்டத்தின் மேற்கே பொதட்டூர்ப்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தறி ஓடுகிறது. அங்கே நெய்த கைலியில் 'பழவேற்காடு' என்று முத்திரை குத்தி, கோட்டை மேட்டுக்கு அருகே அரசே ஒரு கடை திறந்தால் என்ன? மலேயாக்காரர் அதைத் தேடி வந்து வாங்குவார்களே!

அடுத்த முறை வரைபடச் சுருளோடு ஊரைப் புதுப்பிக்க வரும் அதிகாரிகள், கல்லறை வாசலில் வண்டியை நிறுத்தவேண்டாம். மீன் ஏலம் நடக்கும் கரையில் நிறுத்தட்டும். அங்கேயே கூட்டம் போடட்டும். வலைபோடுபவரும், ஓலை முடைபவரும், பழைய தெருவில் ஒழுகும் கூரைக்கடியில் இருப்பவரும் வருவார்கள், பேசுவார்கள். ஏலம் முடிந்த நேரமாகப் பார்த்து வரவேண்டும். அதற்கு முன் அங்கே யாருக்கும் கை ஒழியாது.