பகலில் தொழில், இரவில் விளையாட்டு: ஒரே கணனி போதுமா?

அச்சகம், ஸ்டூடியோ, கணக்கு எழுதும் அலுவலகம் என எதை நடத்துபவருக்கும் கணனி இன்று ஒரு தொழிற்கருவி. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் மாலையில் அதுவே விளையாட்டுக் கருவியாகிவிடுகிறது. இரண்டு தேவைக்கும் ஒரே கணனியைப் பொருத்திக்கொள்வது சிக்கனமானதே. ஆனால், எந்தப் பாகத்துக்கு எவ்வளவு செலவிடுவது என்பதில்தான் பலர் தடுமாறுகின்றனர்.

என்னிடம் ஆலோசனை கேட்போர் கொண்டுவரும் கொட்டேஷன்களில் ஒரு பொதுக்குறையைக் காண்கிறேன். பிரொசெசரும் கிராபிக்ஸ் கார்டும் பெயர், இலக்கம் சகிதம் இருக்கும். பவர் சப்ளைக்கு நேரே "600 வொட்" என்று மாத்திரம் இருக்கும். எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பது இருக்காது. எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் வழங்குவது அதுதான். தரமற்ற ஒன்று பழுதடைந்தால் மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்தே கெடுத்துவிடலாம். ஹார்ட் டிஸ்க்கோடு உங்கள் வாடிக்கையாளரின் வேலையும் போய்விடும்.

எனவே நான் சொல்லும் விதி இதுதான்: பின்னர் மாற்றச் சிரமமானவற்றில் தாராளமாக இருங்கள், இலகுவாக மாற்றக்கூடியவற்றில் சிக்கனமாக இருங்கள். மதர்போர்ட், பவர் சப்ளை இரண்டும் முதல் வகை. ரெம், எஸ்.எஸ்.டி., கிராபிக்ஸ் கார்ட் ஆகியன இரண்டாம் வகை.

மதர்போர்டில் முக்கியமானது பிரொசெசர் பொருந்தும் சொக்கட். 2017 இல் ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சொக்கட் போர்டு வாங்கியோரில் பலரால், பயோஸை புதுப்பித்து, 2022 இல் வெளிவந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி பிரொசெசரை அதிலேயே பொருத்த முடிந்தது. அதற்கு அடுத்து 2022 இல் வந்தது ஏ.எம்.5. அது டி.டி.ஆர்.5 ரெம்மை மாத்திரமே ஏற்கும். கையிலுள்ள பழைய டி.டி.ஆர்.4 ரெம் அதற்குப் பொருந்தாது.

ஓர் உதாரணம். ரைசன் 5 7600 பிரொசெசரினுள்ளேயே சிறியளவு கிராபிக்ஸ் வசதி உண்டு. கிராபிக்ஸ் கார்ட் இல்லாமலே கணக்கு, கடிதம், சாதாரண வடிவமைப்பு வேலைகளை ஆரம்பிக்கலாம். உழைத்த பணத்தில் பின்னர் கார்டை வாங்கலாம். ஆனால் 7500எஃப் போன்று இலக்கத்தின் இறுதியில் "எஃப்" எழுத்து உள்ளவற்றில் அவ்வசதி இல்லை. விலை குறைவு என்று அதை வாங்கினால் கார்டையும் அன்றே வாங்க நேரிடும்.

பவர் சப்ளைக்கும் கணக்கு உண்டு. ஆர்.டி.எக்ஸ் 4060 கார்டின் மின்தேவை 115 வொட். அதற்கு என்விடியா பரிந்துரைப்பது 550 வொட் பவர் சப்ளை. பெயர் தெரியாத 800 வொட்டை விட நம்பகமான 550 வொட் மேல். "80 பிளஸ்" முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைக் காட்டுமே தவிர, முழுத் தரத்துக்குமான சான்றிதழ் அல்ல. மின்வெட்டு நேரத்தில் வேலையைச் சேமித்துக்கொள்ள ஒரு யு.பி.எஸ்.ஸுக்கும் பணம் ஒதுக்குங்கள்.

ரெம் வாங்கும்போது 16 ஜீ.பி. ஒன்றை விட 8 ஜீ.பி. இரண்டு வேகமானது. ஆனால் பின்னர் கூட்டும் எண்ணமிருந்தால் போர்டில் நான்கு இடங்கள் உள்ளனவா எனப் பாருங்கள்.

கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸா போன்று பல கணனிக் கடைகள் ஒரே கட்டடத்தில் உள்ள இடத்துக்குச் சென்றால், அரை நாளில் மூன்று கொட்டேஷன் எடுத்துவிடலாம். ஒவ்வொரு பாகத்துக்கும் நிறுவனம், மொடல், வொரண்டிக் காலம் மூன்றையும் எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதித் தரத் தயங்கும் இடத்தில் முற்பணம் கொடுக்காதீர்கள்.