உங்களுக்குத் தெரியுமா? வளர்ந்த பிறகு ஃப்ரீஸ்டைல் கற்றவர்தான் மிகிர் சென்!

ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் இந்தியரான மிகிர் சென், சிறுவயது முதல் பயிற்சி எடுத்தவர் அல்ல. சட்டம் படிக்க இங்கிலாந்து போன இடத்தில், இருபது வயதைத் தாண்டித்தான் ஒய்.எம்.சி.ஏ. குளத்தில் ஃப்ரீஸ்டைல் கற்றார். முதல் முயற்சிகள் கைகூடவில்லை. 1958 செப்டம்பர் 27-ல் 14 மணி 45 நிமிடத்தில் கால்வாயைக் கடந்தார். 1966 ஏப்ரலில் இலங்கையிலிருந்து நம் தனுஷ்கோடிக்கு நீந்தி வந்தார். 25 மணி 36 நிமிடம்!

அதுபோலவே, கடைத்தெருவில் கடை வைத்திருப்பவர் நாற்பது வயதில் குளத்தில் இறங்கினாலும் கற்கலாம். கிணற்றில் பழகியவர்களுக்குத் தலையைத் தூக்கியே நீந்தும் வழக்கம் இருக்கும். அதைத்தான் முதலில் விட வேண்டும். தலை உயர்ந்தால் இடுப்பும் காலும் தாழும், பாதி பலம் அதிலேயே போய்விடும்.

மூச்சு முட்டுவதற்குப் பெரும்பாலும் காற்றுக் குறைவு காரணமல்ல. மூச்சை அடக்குவதால் உடலில் கரியமில வாயு சேர்கிறது, அதுதான் தவிப்பைக் கிளப்புகிறது. ஆகவே முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூக்கு வழியாகத் தொடர்ந்து குமிழி விடுங்கள். பிறகு உடலோடு சேர்த்துத் தலையைப் பக்கவாட்டில் திருப்புங்கள். ஒரு கண் தண்ணீரிலேயே இருக்கட்டும். முன்னேறும் தலைக்குப் பக்கத்தில் நீர்மட்டம் சற்றுப் பள்ளமாகும், வாய்க்குக் காற்று அங்கேயே கிடைக்கும்.

மார்பளவு தண்ணீரில் சுவரைப் பிடித்தபடி இதைப் பழகிவிட்டு, அப்புறம் கை வீசலாம்.