எல்லோரும் படிக்கும் எழுத்து

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொட்டு, வடக்கே திரும்பினால் ஈஞ்சம்பாக்கம். அங்கேதான் இருக்கிறது சோழமண்டலம் ஓவியர் கிராமம். 1966-இல் அதைத் தொடங்கியவர் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். ஓவியர்கள் பாத்திக் போன்ற கைவினைப் பொருள்களை விற்று, அந்த வருமானத்தில் சேர்ந்தே உருவாக்கிய ஊர் இது.

1963 முதல் பணிக்கர் வரைந்த ‘சொற்களும் சின்னங்களும்’ வரிசை ஓவியங்களில் ஜாதகக் கட்டம், கணிதக் குறி, பறவை, பாம்பு எல்லாம் உண்டு. எழுத்துகளும் உண்டு, மலையாளச் சாயலில் இருக்கும், ஆனால் யாராலும் வாசிக்க முடியாது. என் மனத்தில் அவரை உயர்த்துவது அதுதான்: அந்த ஓவியங்களின் முன் படித்தவர், படிக்காதவர், எந்த மதத்தவர், எந்த மொழிக்காரர் என்ற வேறுபாடே இல்லை.

இதே கிராமத்தில் வாழ்ந்த ஜெ. சுல்தான் அலி, நம் நாட்டார் தெய்வங்களையும் காளைகளையும் உள்ளார்ந்த அன்போடு தீட்டினார். அங்குள்ள அருங்காட்சியகத்தில் இவர்கள் இருவரும் சார்ந்திருந்த சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகளை நேரில் பார்க்கலாம்.