ஊர்ச் சரித்திரத்தை எழுதுவோர் யார்?

ராஜதானிகளின் சரித்திரம் நமக்குப் பாடமாகப் போதிக்கப்பட்டது. சிற்றூர்களின் சரித்திரத்தையோ நாமே மறந்தோம். தர்மபுரி ஜில்லாவிலுள்ள கம்பைநல்லூரை எடுத்துக்கொள்வோம். முனிசிபல் அந்தஸ்து பெறாத சிறிய ஊர். இன்று பேரூராட்சியாக விளங்குகிறது. தென்பெண்ணையோடு கலக்கும் சிற்றாறு ஒன்று இவ்வூரின் பெயரையே தாங்கி ஓடுகிறது. தேசிநாதேஸ்வரர் ஆலயமும் இங்குண்டு. ஆயினும் இவ்வூரின் பூர்வோத்தரம் யாதெனக் கேட்டால், விடை கூறுவோர் எத்தனை பேர்?

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாரமகாலும் சேலம் சீமையும் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் வசமாயின. காப்டன் அலெக்ஸாண்டர் ரீடும், அவருக்கு உதவியாயிருந்த தாமஸ் மன்றோவும் இப்பிரதேசத்தின் நிலங்களை அளந்து தீர்வை விதித்தனர். ரயத்வாரி முறை வேரூன்றியது இங்கேதான். மன்றோ 1820 முதல் 1827 வரை சென்னைக் கவர்னராயிருந்தபோது அது ராஜதானியின் பெரும்பாகத்தில் பரவிற்று. அத்துரைகளின் தஸ்தாவேஜுகள் அச்சேறியும் இருக்கின்றன. ஆனால் நிலம் எவ்வளவு, வரி எவ்வளவு என்பதே அவற்றின் முதற் கவலை.

இப்பிராந்தியத்து ஜனங்கள் தாமே எழுதிவைத்த சரித்திரமும் ஒன்றுண்டு. அதுவே நடுகல். ஆநிரை மீட்கையில் உயிர்நீத்த வீரனின் பெயரைப் பல்லவர் காலத்திலேயே வட்டெழுத்தில் பொறித்துக் கல் நாட்டினர். அரசனின் ஆட்சியாண்டு முதலில் வரினும், கல் நின்றது அவ்வீரனுக்காகவே அன்றோ?

"சரித்திரம் சோறு போடுமா?" என்பார் சிலர். வக்கீல் தொழிலில் பழகிய நாம் சொல்வோம்: ஏரியின் எல்லை எது, வாய்க்கால் எவ்வழிச் சென்றது, மேய்ச்சல் புறம்போக்கு எது என்ற விவகாரம் கோர்ட்டுக்கு வரும்போது பழைய பதிவேடே பேசும். அந்நியன் வரிக்காக எழுதிய கணக்கும் அன்று ஊராருக்கு ஆயுதமாகும். அதைத் தேடியெடுக்கத் தெரிந்தவர் ஊரில் இல்லையேல், ஆக்கிரமித்தவனின் வாய்ச்சொல்லே சரித்திரமாகிவிடும்!

1965-ல் சேலத்திலிருந்து தர்மபுரி பிரிந்தது. 2004-ல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஜில்லா மாறுந்தோறும் கச்சேரியும் மாறுகிறது. கணக்கைத் தேடுவோனுக்கு அலைச்சலும் மிகுகிறது. ஊரோ இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஆகையால் கம்பைநல்லூர் வாலிபர்களுக்கு நமது விண்ணப்பம் இது: கோயிற் கல்வெட்டைப் படியெடுங்கள், முதியோர் சொல்வதை எழுதி வையுங்கள், வயலோரத்து நடுகல் அஸ்திவாரக் கல்லாகாமல் காத்திடுங்கள். தன் ஊரின் கதையை அறியாதவன் தேசத்தின் கதையை எங்ஙனம் அறிவான்?