பச்சை குத்துதலும் அதனை அழித்தலும்

ஏனாத்தூர் முதலிய காஞ்சீபுரத்துக் கிராமங்களில் முதிய மாதரின் கைகளில் பச்சைக் கோலங்களை இன்றும் காணலாம். முற்காலத்தில் குறவர் மாதர் விளக்குக் கரியைக் குழைத்து ஊசியால் குத்தினர். இந்நாளில் இளைஞர் இயந்திரத்தால் குத்திக்கொள்கின்றனர். கருவி மாறினும் அபாயம் மாறவில்லை.

ஒருவர் இரத்தம் பட்ட ஊசி மற்றவர்மேல் பட்டால், கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகளும் எய்ட்ஸ் கிருமியும் பரவக்கூடும். ஊசியை நீரில் அலசுவதால் இவை சாகா. இதுபற்றியே, பச்சை குத்திக்கொண்டவர் 12 மாதம் வரை இரத்ததானம் செய்யலாகாது என்பது நம் நாட்டு விதி.

மேல்தோல் உதிர்ந்து புதிதாக வளர்வது. மையோ அதன் கீழுள்ள உட்தோலில் தங்குகிறது. ஆகவே தேய்த்தாலும் போகாது. சுண்ணாம்போ திராவகமோ இட்டால் தோல் வெந்து தழும்பே மிஞ்சும். லேசர் ஒளி மையைப் பொடியாக்க, உடல் அப்பொடியைச் சிறிது சிறிதாக அகற்றும். பல வாரங்கள் இடைவிட்டுப் பல தடவை செய்தல் வேண்டும், செலவும் மிகுதி. கறுப்பு மை பெரும்பாலும் மங்கும். மஞ்சள், பச்சை நிறங்கள் எளிதில் மங்கா.

குத்திக்கொள்ள விரும்புவோர் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை முன்னரே போட்டுக்கொள்க. புது ஊசியையும் புது மையையும் கண்ணெதிரே பிரிக்கச் செய்க. பின்னர் சீழோ காய்ச்சலோ கண்டால், தாமதியாது ஆஸ்பத்திரிக்குச் செல்க. அங்கத்தினர் இவற்றைத் தம் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தல் நலம்.