காபி வருவதற்கு முன்னால்... நீராகாரம்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் உலை முன்பு நிற்பவர்களுக்கு ஆண்டு முழுக்கக் கோடைதான். திருவள்ளூர் வட்டார வயல்களில் 100 ஆண்டுகளுக்கு முன்பு வெயிலில் ஏர் பிடித்தவர்களுக்கு விடியற்காலை மருந்து நீராகாரம். இரவு மீந்த சோற்றில் ஊற்றிய தண்ணீர், காலையில் லேசாகப் புளித்திருக்கும். உப்புப் போட்டுக் கலக்கி, சின்ன வெங்காயத்தைக் கடித்தபடி குடிப்பார்கள். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய காபி, அந்தச் சொம்பை மெல்ல ஒதுக்கியது.

வியர்வையில் வெளியேறுவது தண்ணீரும் உப்பும். நீராகாரம் இரண்டையும் திருப்பித் தரும். காபியில் உப்பு ஏது? ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு சொம்பு குடிக்கலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைக்கவும். வெயிலில் மயக்கம், மனக்குழப்பம் வந்தால் கைவைத்தியம் வேண்டாம்; உடனே 108-ஐ அழையுங்கள்.