இடிக்கும் முன் ஒரு மழைக்காலம்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார்" என்றனர் நம் முன்னோர். பழைய வீட்டைப் பிரித்துப் பழுது பார்ப்பது பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. அவர்கள் காலத்தில் அது தனியொரு பெரும் வேலையாக இருந்திருக்காது போலும். கோடையில் ஓடு மாற்றுவர், பொங்கலுக்கு வெள்ளையடிப்பர், மாடிச் சுவரில் அரசங்கன்று முளைத்தால் அன்றே பிடுங்கி எறிவர். நாமோ முப்பது ஆண்டுகள் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் தலைக்குமேல் காரை பெயர்ந்து விழுந்த பிறகு, "இடித்துவிடலாமா?" என்று கேட்கிறோம்.

இந்தக் கேள்வி இன்று பல குடும்பங்களை வாட்டுகிறது. நாம் நன்கறிந்த ஒரு குடும்பத்தில் இது எவ்வாறு எழுந்தது, எவ்வாறு தீர்ந்தது என்பதைச் சொன்னால், அதே நிலையில் உள்ளவர்களுக்குப் பயன்படும் என எண்ணி இதை எழுதுகிறோம். இதில் நம் தவறும் ஒன்று உண்டு. அதையும் மறைக்கப் போவதில்லை.

புதுச்சேரியில் ஒரு வீடு

புதுச்சேரி நகரைக் கால்வாய் ஒன்று இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த பகுதி; மேற்கே தமிழர் பகுதி. 1761இல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கியதால், இன்று நாம் காணும் பழைய வீடுகள் யாவும் அதற்குப் பின் எழுந்தவையே. தமிழர் பகுதி வீடுகளுக்கு ஒரு தனி அழகு உண்டு. தெருவை ஒட்டித் திண்ணை, அதன்மேல் மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம், உள்ளே முற்றம், பல வீடுகளில் மேல்மாடி மட்டும் பிரெஞ்சுப் பாணியில் இருக்கும்.

நாம் குறிப்பிடும் வீடும் அத்தகையதே. எண்பதை நெருங்கிய தாய், பணி ஓய்வு பெற்ற மூத்த மகன், பிரான்சு நாட்டில் குடியேறிவிட்ட இளைய மகன், அயலூரில் மணமுடித்துச் சென்ற மகள் ஆகிய நால்வருக்கும் அதில் உரிமை. 2011 டிசம்பர் 30ஆம் நாள் 'தானே' புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியபோது, தாழ்வாரத்து ஓடுகள் பறந்தன. கொல்லை மரம் மாடிமீது சாய்ந்தது. அடுத்த மழைக்குள் சமையலறைச் சுவர் முழுவதும் ஈரம் ஏறிக் காரை உதிரத் தொடங்கியது.

அப்போது நாம் அப்பங்கில் உதவிக் குருவாக இருந்தோம். வீட்டைப் பார்க்க அழைத்தார்கள். "நல்ல சிமெண்டு வைத்து இழுத்துப் பூசிவிடுங்கள். ஈரம் உள்ளே வராது" என்று, எல்லாம் அறிந்தவர்போல் சொல்லிவிட்டு வந்தோம். அவர்களும் 2012இல் அவ்வாறே செய்தார்கள். குருவானவர் சொன்னால் கொத்தனாரும் மறுத்துப் பேசுவதில்லை என்பது நம் ஊர்களின் குறை.

இரண்டே ஆண்டுகளில் அந்தப் பூச்சு உப்புப் பூத்துப் பாளம் பாளமாய்ப் பெயர்ந்தது. அதற்குமுன் முழங்கால் அளவே இருந்த ஈரம் இடுப்பளவுக்கு ஏறிவிட்டது.

சுண்ணாம்புச் சுவரும் சிமெண்டுப் பூச்சும்

ஏன் அப்படி ஆயிற்று? போர்ட்லாண்டு சிமெண்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெறப்பட்டது 1824இல். நம் நாட்டில் அதன் உற்பத்தி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் காலூன்றியது. அதற்கு முந்திய வீடுகள் சுண்ணாம்பால் எழுந்தவை. சுண்ணாம்புக் காரையில் நுண்ணிய துளைகள் உண்டு. நிலத்திலிருந்து சுவரில் ஏறும் ஈரம் அத்துளைகள் வழியே காற்றில் கலந்து உலர்ந்துவிடும். சிமெண்டுப் பூச்சோ இறுகியது. ஈரத்தை அது வெளியே விடாது. அடைபட்ட ஈரம் மேலும் மேலே ஏறும். அதில் கரைந்துள்ள உப்பு பூச்சின் பின்புறம் படிகமாகிப் பூச்சையும் செங்கல்லையும் சேர்த்தே உடைக்கும். வியர்க்கும் உடம்பில் இரப்பர்ச் சட்டை மாட்டியது போன்ற வேலையைத்தான் நாம் செய்யச் சொல்லியிருந்தோம்.

ஈரத்தின் மூலமும் வேறிடத்தில் இருந்தது. தெருவுக்குத் தார்ச்சாலை போடும்போதெல்லாம் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டுவந்ததால், ஒரு காலத்தில் மூன்று படி ஏறிச் சென்ற திண்ணைக்கு இப்போது ஒரே படிதான். மழைநீர் சுவரின் அடியிலேயே தேங்கியது. நோய் அங்கே இருக்க, நாம் மருந்து தடவியது வேறிடத்தில்.

இடிப்பதா, காப்பதா?

2014 நவம்பர் 29ஆம் நாள், புதுவைக் கடற்கரையில் இருந்த பழம்பெரும் 'மேரி' கட்டிடம், அதாவது நகர மன்ற மாளிகை, கனமழையில் இடிந்து விழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கட்டிடம் அது. செய்தி கேட்டதும் நம் குடும்பத்தினர் நடுங்கிப் போனார்கள். இளைய மகன் தொலைபேசியில் கூப்பிட்டு, "அம்மாவை அந்த வீட்டில் வைத்திருப்பது பாவம். விற்றுவிடுங்கள்" என்றார். இடத்தை வாங்கி அடுக்குமாடி கட்ட ஒருவர் தயாராகவும் இருந்தார். மூத்தவருக்கு மனமில்லை. மகளோ, "எது செய்தாலும் எழுத்தில் செய்யுங்கள்" என்றார். அண்ணன் தம்பிக்குள் பேச்சு தடிக்கத் தொடங்கியது.

தாய் நம்மை வரவழைத்தார். "சாமி, பதினேழு வயசுல இந்தத் திண்ணையில காலு வச்சேன். என்னை வெளியில கொண்டுபோற அன்னைக்கு இதே திண்ணை வழியா போகணும். அதுக்குள்ள இது விழுமா விழாதா, அத மட்டும் யாரையாவது பார்த்துச் சொல்லச் சொல்லுங்க" என்றார்.

முன்பு தவறாகச் சொன்ன நாவால் மீண்டும் யோசனை கூற நமக்குத் துணிவில்லை. பழைய கட்டிடங்களில் தேர்ந்த பொறியாளர் ஒருவரையும், சுண்ணாம்பு வேலை கற்ற முதிய கொத்தனார் ஒருவரையும் தேடிச் சேர்த்துவைத்தோம். புதுவையில் இது அரிதன்று. 1984இல் தொடங்கப்பெற்ற இன்டாக் அமைப்பு அங்கே பல பழைய வீடுகளைச் சீர்செய்துள்ளது. கால்வே சுப்பராயச் செட்டி வீதி என்னும் வைசியாள் வீதியில் வீட்டு முகப்புகளைப் புதுக்கிய பணி 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதையும் பெற்றது.

முதிய கொத்தனார் சொன்ன முதற் சொல்லே நம் மனத்தில் தைத்தது. "ஒரு மழையைப் பார்க்காமல் கடப்பாரையைத் தொடக் கூடாது" என்றார் அவர்.

கரிக்கோடுகள்

2015 நவம்பரில் பெய்த பெருமழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அம்மழையில் மூத்த மகன் கையில் அடுப்புக்கரியுடன் வீடெங்கும் சுற்றினார். ஒழுகிய இடத்திலெல்லாம் வட்டமிட்டு நாளும் நேரமும் குறித்தார். மழை பெய்யும்போதே ஒழுகும் இடம் வேறு. மழை நின்று ஒரு நாள் கழித்து ஒழுகும் இடம் வேறு. முன்னது உடைந்த ஓடு அல்லது வெடிப்பு. பின்னது தளத்துக்குள் நீர் தங்கிய இடம். இந்தக் கரிக்கோடுகளே பின்னர் வேலைக்கு வரைபடமாயின.

மழை விட்டதும் பொறியாளர் உத்தரங்களைச் சோதித்தார். தேக்கு உத்தரத்தை நடுவில் தட்டிப் பார்ப்பது போதாது. சுவருக்குள் புதைந்திருக்கும் நுனிதான் முதலில் மக்கும். கூரிய ஊசியால் அங்கே குத்தினால், நல்ல மரம் எதிர்க்கும். கெட்ட மரம் மண்போல் உள்வாங்கும். பதினான்கு உத்தரங்களில் மூன்றுதான் கெட்டிருந்தன. "வீடு விழாது, பழுது பார்த்தால்" என்பதே அவர் தந்த விடை.

இதன்பின் உடன்பிறந்தார் மூவரும் தாளில் கையெழுத்திட்டார்கள். செலவு இவ்வளவு, ஒவ்வொருவர் பங்கு இவ்வளவு, தாயின் காலம்வரை விற்பதில்லை, ஞாயிறுதோறும் கணக்கை எல்லாருக்கும் அனுப்ப வேண்டும் என்பன அதில் இருந்தன. மதிப்பீட்டுக்கு மேல் நான்கில் ஒரு பங்கைத் தனியே எடுத்துவைத்தார்கள். பழைய வீடு தன் நோய்களை முதல்நாளே சொல்லிவிடுவதில்லை. ஆதலால் இது எவர்க்கும் நல்ல வழக்கம்.

பிரிக்கும் வேலை

2016 பொங்கல் கழிந்ததும் வேலை தொடங்கிற்று. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வருமுன் கூரை மூடியாக வேண்டும் என்பது கணக்கு. கதவு, சன்னல், தூண் ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிக் கழற்றினார்கள். பழைய மின்கம்பிகளை அடியோடு அகற்றினார்கள். மரச்சட்டத்துக்குள் ஓடிய அந்தக் கம்பிகளின் உறை தொட்ட இடத்தில் பொடியாயிற்று.

பழைய வண்ணப்பூச்சைச் சுரண்டுவோர் ஒன்றைக் கருத வேண்டும். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே பழைய பூச்சின் தூசி குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்க்கும் நஞ்சாகலாம். உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துச் சுரண்ட வேண்டும்; முகமூடி அணிய வேண்டும்; குழந்தைகளை அங்கே விடக் கூடாது.

பெரிய கண்டம் மார்ச்சு மாதத்தில் வந்தது. சமையலறையை அகலப்படுத்த, கூடத்துக்கும் அதற்கும் இடையே உள்ள சுவரில் ஒரு பகுதியை எடுக்க வேண்டியிருந்தது. மேலே உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்த பின்பே சுவரைத் தொட வேண்டும் என்பது ஏற்பாடு. சாரக் கட்டை வரத் தாமதமாகவே, ஒப்பந்தக்காரர் ஒரு நாள் கூலி வீணாகிறதே என்று இடிக்கச் சொல்லிவிட்டார். உச்சியில் நூல்போல் ஒரு வெடிப்பு ஓடிற்று, காரைத்தூள் உதிர்ந்தது. முதிய கொத்தனார் ஓசையைக் கேட்டுத் திரும்பி, "எல்லாரும் வெளியே ஓடுங்க!" என்று கூவினார். கீழே கல் சுமந்துகொண்டிருந்த இரு சித்தாள் பெண்கள் முற்றத்துக்குத் தாவிய சில நொடிகளில், பாதித் தளம் அவர்கள் நின்ற இடத்தில் விழுந்தது.

எவர்க்கும் காயமில்லை. ஆயினும் மூத்த மகன் அன்று மாலை நம்மிடம் வந்து நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். "அம்மாவுக்காக வீட்டைக் காக்கப் போய், இன்னொரு வீட்டின் அம்மாவை இழக்கப் பார்த்தோமே" என்றார். மறுநாள் முதல் முட்டு நிற்காமல் ஒரு செங்கல்லும் எடுப்பதில்லை என்று விதித்தார். சாரம் வராத நாளிலும் கூலி உண்டு என்றார். பணம் கூடிற்று, ஆனால் அவசரம் நின்றது. பழைய வீட்டை மேலிருந்து கீழாகவே பிரிக்க வேண்டும், தாங்கும் சுவரைத் தொடுமுன் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதை வாசகர்கள் தயைகூர்ந்து மறவாதிருப்பார்களாக.

தளமும் சுவரும்

'மெட்ராஸ் டெரஸ்' எனப்படும் பழைய தளத்தின் அமைப்பு வியப்புக்குரியது. உத்தரங்கள்மேல் குறுக்குக் கட்டைகள். அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைக் குறுக்குவாட்டில் சாய்வரிசையாக நிறுத்திச் சுண்ணாம்பால் பிணைப்பர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, நாட்கணக்கில் மரக்கட்டையால் தட்டி இறுக்குவர். முடிவில் தட்டோடு பதிப்பர். நம் வீட்டுத் தளத்தைப் பிரித்தபோது தட்டோட்டின்மேல் மூன்று அடுக்குச் சிமெண்டு இருந்தது. ஒழுகும்போதெல்லாம் ஓர் அடுக்கு! ஒழுக்கும் நிற்கவில்லை, உத்தரங்கள் வீண்சுமையால் வளைந்ததே மிச்சம்.

கெட்ட நுனிகளை வெட்டி நல்ல தேக்கை இணைத்தார்கள். அந்தத் தேக்கு, இடிபட்ட வேறொரு வீட்டின் உத்தரம். சுவருக்குள் நுனியைச் சுற்றிக் காற்றாட இடம் விட்டார்கள். சமையலறைச் சுவரில் நாம் பூசச் சொன்ன சிமெண்டை முழுதும் கொத்தி எடுத்து, பங்குனி, சித்திரை வெயிலில் உலரவிட்டு, பின்னரே சுண்ணாம்பு பூசினார்கள். தெருப்பக்கம் நீர் வடிய வாய்க்கால் அமைத்தார்கள். சுண்ணாம்பு உடனே இறுகாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்லவே கல்லாகும். அதுவரை நனைத்து வரவேண்டும். நீற்றும்போது கொதித்துத் தெறிக்குமாதலால் கண்ணுக்குக் காப்பும் வேண்டும்.

பழமையை மட்டும் பேணினார்கள் என எண்ண வேண்டா. கொல்லையில் இருந்த கழிப்பறை தாயின் அறைக்கு அருகே வந்தது. வழுக்காத தரை, சுவரில் கைப்பிடி, மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் கருவி ஆகிய யாவும் வந்தன. செப்டம்பரில் கூரை மூடிற்று. நவம்பர் 8ஆம் நாள் பழைய ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றானபோது கூலி கொடுக்க வழியின்றி வேலை சில வாரம் நின்றது. 2017 பொங்கலுக்குப் பால் பொங்கிற்று. இளைய மகன் பிள்ளைகளுடன் வந்து, இரவில் திண்ணையில் பாய் விரித்துப் படுத்தார்.

இன்று

2020 சனவரியில் அந்தத் தாய் தம் அறையிலேயே கண்மூடினார். கேட்டபடியே திண்ணை வழியாகச் சென்றார்.

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு 'பெஞ்சல்' புயல் புதுவை அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மறுநாள் மூத்தவருக்குத் தொலைபேசினோம். கூடத்து மூலையில் ஒரு கரிவட்டத்தை மட்டும் அவர் வெள்ளையடிக்காமல் விட்டுவைத்திருந்தார். "அந்த இடம் காய்ந்து இருக்கிறது, சாமி. ஆனால் மாடித் தூம்புக்குக் கீழே உள்ளங்கை அகலம் ஈரம். இலை அடைத்திருந்தது. நான் இந்த ஆண்டு ஏறிப் பார்க்கவில்லை" என்றார்.

அன்புள்ள வாசகர்களே, உங்கள் வீட்டு மாடித் தூம்பை ஐப்பசி மழைக்கு முன்னே ஒருமுறை ஏறிப் பாருங்கள். அதற்குப் பொறியாளரும் வேண்டா. குருவானவரின் யோசனையும் வேண்டா.